பிள்ளைகள் கண்மாயோடு ஒட்ட வேண்டும் என்றால் கணக்கெடுப்பை எப்படி அமைப்பது?

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருப்பதாகவும், போன தை மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போய்ப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியதாகவும், பதிவுகள் ஆப்பில் ஏறி, சான்றிதழும் கொடுத்த பிறகு ஒரு பிள்ளைகூடத் தானாக அந்தக் கண்மாய்ப் பக்கம் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். "குடிமக்கள் அறிவியல் திட்டம் எப்படி நடத்துவது" என்பது கேள்வியின் மேல்வரிதான். உள்ளே இருப்பது வேறு: பறவையை எண்ணுவதால் பறவை மேல் ஒட்டுதல் வருமா, வராது என்றால் எதைச் சேர்த்தால் வரும்? நான் காட்டுயிரியல் படித்தவன், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கக் கண்மாய்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன், ஆய்வில் உறுதியானது எது, என் அபிப்பிராயம் எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. குடிமக்கள் அறிவியல் என்றால் சாதாரண மக்களே அறிவியலுக்குப் பதிவு சேர்ப்பது. அந்தப் பதிவுகளால் அறிவியலுக்குப் பெரிய பயன் உண்டு. அமெரிக்காவில் 1900-ல் கிறிஸ்துமஸ் நாளில் 27 பேர் 25 இடங்களில் தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பு இன்றுவரை ஓடுகிறது. நம் நாட்டில் 2023-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்டு என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றிய ஏறக்குறைய 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 பறவை இனங்களை மதிப்பிட்டது. சிட்டுக்குருவி அழிந்துகொண்டே வருகிறது, செல்போன் கோபுரம்தான் காரணம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, 2020-ல் வந்த முதல் அறிக்கை, நாடு முழுவதுமாகப் பார்த்தால் குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது, கோபுரத்தின் மேல் பழி போடச் சான்று இல்லை என்று காட்டியது. ஆகவே உங்கள் பிள்ளைகள் ஏற்றிய பதிவு வீண் போகவில்லை, அதை அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆனால் பதிவு நன்றாக வந்துவிட்டால் ஒட்டுதலும் கூடவே வந்துவிடும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம் பாருங்கள், அங்கேதான் சிக்கல். இரண்டும் வேறு வேறு வேலை. இரண்டாவதற்கென்று தனியாக யோசித்தால்தான் அது நடக்கும்.

ஆய்வுகள் இதைப்பற்றி என்ன சொல்கின்றன என்றால், இங்கிலாந்தில் டெர்பி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2017-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், மனிதருக்கு இயற்கையோடு நெருக்கம் உண்டாகும் வழிகளாக ஐந்தைக் கண்டார்கள்: புலன்களால் தொட்டு உணர்வது, மனதில் எழும் உணர்ச்சி, அழகை ரசிப்பது, நம் வாழ்க்கையில் அதற்கு ஒரு பொருள் இருப்பது, அதன் மேல் பரிவு. வெறும் தகவல் அறிவு அந்தப் பட்டியலில் வரவில்லை. பெயர் தெரிவது, எண்ணிக்கை தெரிவது, எந்தக் குடும்பம் என்று தெரிவதால் மட்டும் நெருக்கம் கூடுவதாக அவர்களுக்குத் தெரியவில்லை. அதே குழுவினர் இன்னொரு ஆய்வில், ஐந்து நாள், நாளுக்கு மூன்று வீதம், இயற்கையில் தங்களுக்கு நல்லதாகப் பட்டதை எழுதச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்த நெருக்கம் குறையாமல் இருந்தது. பிறகு 2023-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், பிரிட்டன் முழுவதும் ஏறக்குறைய 500 பேரைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்குப் பூச்சிகளை எண்ணும் வேலை மட்டும், சிலருக்கு மனதுக்குப் பிடித்ததைக் கவனித்து எழுதும் வேலை மட்டும், சிலருக்கு இரண்டும் என்று ஒரு வாரக் கணக்கில் செய்யவிட்டுப் பார்த்தார்கள். எண்ணுவதோடு கவனித்து எழுதுவதையும் சேர்க்கும்போது பயன் கூடுகிறது என்பதுதான் அதில் இருந்து நமக்கு வேண்டிய செய்தி.

இதற்கு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இவற்றில் பங்கெடுத்தவர்கள் தாங்களாக முன்வந்த பெரியவர்கள், ஏற்கெனவே கொஞ்சமாவது ஆர்வம் உள்ளவர்கள். நெருக்கம் என்று அளந்தது அவர்களே கேள்வித்தாளில் போட்டுக்கொண்ட மதிப்பெண். நாட்கணக்கும் குறைவு. வார நாட்களை அலுவலகத்துக்குள் கழிக்கிற ஒரு ஆங்கிலேயருக்குப் பத்து நிமிடம் தோட்டத்தில் உட்காருவது பெரிய மாற்றமாக இருக்கலாம். ஆடு ஓட்டிக்கொண்டு கண்மாய்க் கரையிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அதே பத்து நிமிடம் அதே வேலையைச் செய்யும் என்று அந்த ஆய்வுகளை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. திசை சரியானது, அளவு நம் ஊரில்தான் தெரியவேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி என் அபிப்பிராயம். போன வருடத் திட்டம் ஒரே நாள், பெரிய கூட்டம், நிறைய இனம். ஒட்டுதல் வருவதற்கு இது மூன்றுமே தலைகீழாக இருக்கவேண்டும்: பல வாரம், இரண்டு மூன்று பேர், கொஞ்சமே கொஞ்சம் இனம், அதுவும் ஒரே இடம். திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போவதுதான் இதில் அடிநாதம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நம் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்களைப் பாருங்கள். 1977-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், மொத்தமே 38.4 ஹெக்டேர். அந்த ஊர்க்காரர்கள் பறவைகள் கலைந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வனத்துறை அதற்காக அவர்களுக்கு இனிப்புக் கொடுத்துக் கௌரவிக்கிறது. அங்கே யாரும் படிவம் நிரப்பி அந்தப் பற்றை வளர்க்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அதே கருவேல மரத்தில் அதே நாரை வந்து இறங்குவதைத் தலைமுறை தலைமுறையாக வாசலில் இருந்து பார்த்தவர்கள். அவ்வளவு காலத்தை ஒரு பள்ளித் திட்டத்தால் உண்டாக்க முடியாதுதான், ஆனால் "அதே இடம், அதே ஆள், மறுபடியும்" என்ற அமைப்பை ஒரு பருவத்துக்காவது நம்மால் கொடுக்க முடியும்.

அடுத்தது கேள்வி. "நம் கண்மாயில் எத்தனை வகைப் பறவை" என்பது பட்டியல் கேட்கிற கேள்வி, பதில் கிடைத்தவுடன் தீர்ந்துவிடும். ஊர்க்காரர்களுக்கும் அதில் அக்கறை இருக்காது. ஊர் ஏற்கெனவே எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதில் இருந்து கேள்வியை எடுங்கள். நம் ஊர்க் கண்மாயில் எல்லாரும் பார்ப்பது தண்ணீரைத்தான். மடைப் படியில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது, கலுங்கு (கண்மாய் நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் இடம்) தாண்டுமா, இந்தப் போகத்துக்குக் காணுமா என்று ஐப்பசியில் இருந்து டீக்கடையில் பேச்சு அதுதான். அப்படியானால் கேள்வி இது: தண்ணீர் எந்தப் படியில் இருக்கும்போது எந்தப் பறவை இருக்கிறது? இது பார்க்கச் சின்னக் கேள்வி மாதிரித் தெரியும், ஆனால் உண்மையான சூழலியல் கேள்வி. கண்மாய் நிறைந்து கிடக்கும்போது முங்கி மீன் பிடிக்கிற நீர்க்காகமும் முக்குளிப்பானும் நடுவில் இருக்கும். இறங்கி முழங்கால் ஆழம் ஆனதும் நீண்ட காலுள்ள நாரை, கரண்டிவாயன் வரும். இன்னும் வற்றிச் சேறு தெரிந்தால் உள்ளான், சின்னக் கொக்கு. காலின் நீளமும் அலகின் வடிவமும் தண்ணீரின் ஆழத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். ஐப்பசி மழைக்குத் தொடங்கி, கண்மாய் வற்றி ஊர் கூடி மீன் பிடிக்கிற நாள்வரை வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் ஒரு முழுக் கதை கையில் இருக்கும். மடைப் படி எண்ணிக்கையைக் குறித்து வைத்தால் விவசாயிகளே பள்ளிக்கூடத்துக்கு வந்து நோட்டைப் பார்ப்பார்கள்.

இனங்களை ஆறுக்கு மேல் வைக்காதீர்கள். நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான், ஆள்காட்டி, அரிவாள் மூக்கன், மீன்கொத்தி என்று தூரத்தில் இருந்தே பிரித்துச் சொல்லக்கூடியவையாக இருந்தால் பைனாகுலர்கூடக் கட்டாயம் இல்லை. உள்ளான் வகைகளைப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம், "உள்ளான்" என்று ஒரே கட்டத்தில் போட்டுவிடலாம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே பதினைந்து நிமிடம், கண்ணில் பட்டதை மட்டும் குறிக்க வேண்டும். ஒன்றுமே வராத வாரம் பூஜ்யம் என்று எழுதவேண்டும், அதை விட்டுவிடக் கூடாது. எங்கே இல்லை, எப்போது இல்லை என்பது தெரியாவிட்டால் மற்ற எண்களுக்குப் பொருள் இல்லை. பிள்ளைகளிடம் இதை விளக்கிச் சொன்னால் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். "வெறும் கையோடு வந்தேன் சார்" என்று முகம் வாடி வருகிற பிள்ளையிடம், உன் பூஜ்யத்தை வைத்துத்தான் கண்மாய் எப்போது காலியானது என்று நமக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். அது ஆறுதல் வார்த்தை இல்லை, உண்மை.

நோட்டை அமைப்பதில் ஒரு விஷயம் எனக்கு மிக முக்கியம். இடது பக்கம் தேதி, நேரம், மடைப் படி, ஆறு பறவை, எண்ணிக்கை. வலது பக்கம் முழுவதும் வெற்றுத் தாள். அதில் அன்றைக்கு மனதுக்குப் பிடித்ததை, அல்லது கலங்க வைத்ததை, எழுதலாம், வரையலாம், ஒரு இறகை ஒட்டலாம். ஆசிரியர் அதற்கு மதிப்பெண் போடவே கூடாது, எழுத்துப் பிழையைத் திருத்தவும் கூடாது. எண்ணத் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும் என்பதையும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கரைக்கு ஒரு கூட்டம் வந்தவுடன் பறவைகள் விலகிப் போகும், அவை திரும்பிவர அந்த நேரம் வேண்டும். அறிவியலுக்கும் அது தேவை, பிள்ளைக்கும் தேவை. ஒரு முறை தண்ணீர் பின்வாங்கின ஓரத்தில், சேற்றில் நத்தை ஓடுகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன, எல்லாமே உள்ளே சதை இல்லாத ஓடுகள். ஒரு பிள்ளை ஒன்றை எடுத்துக் கழுவி விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எதிரே நின்ற நத்தைகுத்தியின் அலகைப் பார்த்தாள். அந்த அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும், வெளிச்சம் தெரியும். "இதை வச்சு எப்படிண்ணே உள்ளே இருக்கிறதை எடுக்கும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, பார்க்கச் சொன்னேன். அடுத்த வாரங்களில் அவளுடைய வலது பக்கம் முழுக்க அலகும் ஓடும்தான். முனையை உள்ளே நுழைத்துச் சதையை வெட்டி உருவுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். அந்தப் பறவை அவளுக்கு இனி ஒரு எண் கிடையாது.

யார் பங்கெடுக்க முடியும் என்பதைத் திட்டம் போடும்போதே யோசிக்க வேண்டும், பிறகு ஒட்டுப்போட முடியாது. விடியற்காலை ஆறு மணிக்குக் கண்மாய்க் கரை என்று வைத்தால் பெண் பிள்ளைகள் பாதிப்பேர் வரமாட்டார்கள், வீட்டில் விடமாட்டார்கள், அந்த நேரத்தில் தண்ணீர் பிடிப்பது, தம்பியைக் கிளப்புவது என்று அவர்களுக்கு வேலையும் இருக்கும். அதனால் கண்மாய்க்கு இணையாக வீட்டில் இருந்தே செய்யக்கூடிய ஒன்றையும் வையுங்கள். எனக்குத் தெரிந்து மிகச் சிறந்தது மரம். சீசன்வாட்ச் என்ற திட்டம் 2010 முதல் நடக்கிறது, ஒருவர் ஒரு மரத்தைத் தன் மரமாகப் பதிந்துகொண்டு வாரம் ஒருமுறை தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று மட்டும் குறிக்க வேண்டும். கொல்லைப்புற வேம்பு, தெருமுனைப் புளி, ஊருணிக்கரைப் பூவரசு எதுவாக இருந்தாலும் சரி. சித்திரை ஒன்றாம் தேதி வேப்பம்பூப் பச்சடிக்குப் பூ கிடைத்ததா, இந்த வருடம் முன்னாலேயே உதிர்ந்துவிட்டதா என்று அப்பத்தாவிடம் கேட்டால் அவருக்கு ஒரு கணக்கு இருக்கும், பேத்தியின் நோட்டில் ஒரு கணக்கு இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பழைய வளவு வீடுகள் இருக்கிற ஊராக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். முற்றத்துத் தாழ்வாரத்தில், உத்தரத்து இடுக்கில் நாட்டு உழவாரன் எச்சிலால் இறகையும் புல்லையும் ஒட்டிக் கூடு கட்டும், படங்களுக்குப் பின்னால் சிட்டுக்குருவி இருக்கும். திறந்திருக்கிற வீடு, பூட்டிக் கிடக்கிற வீடு, இடித்துக் கட்டின வீடு, இந்த மூன்றில் எதில் எத்தனை கூடு என்பது செட்டிநாட்டில் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு வீட்டுக்காரர் அனுமதி வேண்டும், பூட்டின வீட்டை வெளியில் இருந்து மட்டுமே பார்க்க வேண்டும்.

ஆடு மேய்ப்பவர்கள், நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்கு வருகிற அக்காமார், மீன் குத்தகை எடுத்தவர், மடை திறக்கிறவர், இவர்களை "தகவல் கொடுப்பவர்" என்ற இடத்தில் வைக்காதீர்கள். கேள்வி என்ன என்று முடிவு செய்கிற நாளிலேயே கூப்பிடுங்கள். பறவைகளுக்கு அவர்கள் சொல்கிற பெயரைப் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும், கையேட்டில் இருக்கிற பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம். அவர்களில் சிலருக்குப் பறவை மேல் கோபமும் இருக்கும். மீன் குத்தகைக்காரருக்கு நீர்க்காகம் நஷ்டம். நெல்லும் கடலையும் போட்டவருக்கு மயில் நஷ்டம். இந்தியா முழுக்க மயில் கூடியிருக்கிறது என்று முன்பு சொன்ன பறவைகளின் நிலை அறிக்கைகளும் சொல்கின்றன, ஆகவே அவர் சொல்வதைப் பிள்ளைகள் பொய் என்று நினைக்கக் கூடாது. இயற்கையோடு ஒட்டுதல் என்றால் எல்லாமே இனிமையாக இருக்கவேண்டும் என்பதில்லை. நஷ்டப்பட்டவர் பேசுவதைக் கேட்டுவிட்டும் பறவை பக்கம் நிற்க ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால் அந்த ஒட்டுதல்தான் நிலைக்கும்.

பரிசைப் பற்றி. அதிக இனம் பார்த்தவருக்குக் கோப்பை என்பதை விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். இரண்டு கேடு அதில் இருக்கிறது. ஒன்று, பார்க்காததைப் பார்த்ததாக எழுதத் தோன்றும், பதிவு கெட்டுப்போகும். இரண்டு, ஒரு பறவையைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்ததைத் தேடி ஓடுவார்கள். சான்றிதழ் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் விடாமல் வந்ததற்குக் கொடுங்கள், எல்லாருக்கும் கொடுங்கள். பரிசு கொடுப்பது உள்ளார்ந்த ஆர்வத்தைக் குறைக்கும் என்பது பொதுவாகப் பலரும் சொல்வது, எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் போட்டி வைத்த இடங்களில் எண்ணிக்கை ஊதிப் பெருகுவதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

கண்டுபிடித்ததை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது பலரும் விடுகிற படி. பதிவு ஏதோ ஒரு சர்வருக்குப் போய்விடுகிறது, பிள்ளைக்கும் ஊருக்கும் ஒன்றும் திரும்பி வருவதில்லை, அப்புறம் எதற்காக அடுத்த வருடம் வருவார்கள்? மாதம் ஒருமுறை பள்ளிச் சுவரிலோ சாவடியிலோ ஒரு பெரிய தாளில் மடைப் படியும் ஆறு பறவையும் வரைந்து ஒட்டுங்கள். பருவம் முடிந்ததும் கிராம சபையில் பிள்ளைகளே பேசட்டும். அங்கே வேறு விஷயங்களும் கிளம்பும். வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) அடைபட்டிருக்கிறது, யாரோ கரையில் மண் எடுத்திருக்கிறார்கள், குப்பை கொட்டுகிறார்கள் என்று பிள்ளைகள் வலது பக்கத்தில் எழுதியிருப்பார்கள். அதை அடக்காதீர்கள், அதே சமயம் பிள்ளைகளைத் தனியாக முன்னால் நிறுத்தி ஆட்களோடு மோதவும் விடாதீர்கள். மனுவாக எழுதுவது, ஊர்ப் பெரியவர்களையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் சேர்த்துக்கொண்டு கொடுப்பது பெரியவர்கள் வேலை. பரிவு உண்டாக்கிவிட்டு அந்தப் பரிவால் எதுவுமே செய்யமுடியாது என்று பிள்ளைக்குக் காட்டினால், தொடங்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

சில கண்டிப்புகள். கூடு கட்டியிருக்கும் மரத்தின் கீழே போகக் கூடாது, நாரை, கொக்குக் கூட்டங்கள் கலைந்தால் குஞ்சுகள் கீழே விழும், காக்கை முட்டையைத் தூக்கும். ஆள்காட்டி வெறும் சரளையில் முட்டையிடும், முட்டை கல்லைப் போலவே இருக்கும், அது கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றினால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். ஆந்தைக் கூடு, தேவாங்கு, நட்சத்திர ஆமை எதையாவது பார்த்தால் இடத்தைப் போனிலோ வாட்ஸாப்பிலோ போடக் கூடாது, பிடித்துக்கொண்டுபோக ஆட்கள் இருக்கிறார்கள். தூர் வாரின கண்மாயில் கரையோரமே திடீரென்று ஆழம் இருக்கும், பெரியவர் ஒருவர் இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கோயில்காட்டுக்குள் போவதாக இருந்தால் ஊரில் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றி, ஒரு சுள்ளிகூட ஒடிக்காமல் வரவேண்டும். இந்த வழக்கங்களைத் தடையாக நினைக்காதீர்கள். புரவியெடுப்புக்கு மண் குதிரை தூக்கிக்கொண்டு போன அதே காட்டை ஒரு பிள்ளை நோட்டோடு போய்ப் பார்க்கும்போது, அந்த இடத்துக்குப் பொருள் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, நாம் புதிதாக ஒன்றும் ஊட்ட வேண்டியதில்லை.

நாள் பார்ப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அதில் சேருவது நல்லதுதான், ஆனால் தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு, அன்றைக்குப் பையன்கள் யாரும் உங்கள் கையில் அகப்பட மாட்டார்கள். அதற்கு முந்தின நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டரசன்கோட்டைப் பக்கம் என்றால் செவ்வாய்ப் பொங்கலுக்குச் சென்னை, சிங்கப்பூர், மலேசியாவில் இருந்தெல்லாம் குடும்பங்கள் வந்து இறங்கும். அந்த நாட்களில் பிள்ளைகளே அவர்களைக் கூட்டிப்போய் ஊருணியையும் கண்மாயையும் காட்டட்டும். தான் பார்த்ததை இன்னொருவருக்குக் காட்டும்போது பிள்ளையின் பேச்சே மாறிவிடுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். மற்றபடி பெரிய நாட்களை நம்பித் திட்டம் போடாதீர்கள், வாராவாரம் வருகிற சாதாரண வெள்ளிக்கிழமைதான் முக்கியம்.

ஒட்டுதல் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெஸ்லி ஷுல்ட்ஸ் என்ற உளவியலாளர் 2002-ல் ஒரு எளிய வழி கொடுத்தார்: ஒரு வட்டம் நான், இன்னொரு வட்டம் இயற்கை, இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்பதில் தொடங்கி முழுவதுமாக ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பது வரை ஏழு படங்கள், உனக்கு எது பொருந்தும் என்று கேட்க வேண்டியதுதான். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கும் இது புரியும். தொடங்கும் முன், முடிந்ததும், ஆறு மாதம் கழித்து என்று மூன்று முறை கேளுங்கள், பங்கெடுக்காத இன்னொரு வகுப்பிலும் கேளுங்கள், இல்லாவிட்டால் வயதால் வந்த மாற்றமா திட்டத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஆசிரியரை மகிழ்விக்கப் பிள்ளைகள் நல்ல பதிலைப் போடுவார்கள் என்பதால் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். முப்பது, நாற்பது பிள்ளைகளை வைத்து இதில் பெரிய முடிவு எதுவும் சொல்ல முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். நான் இதைவிட அதிகமாக நம்புவது நீங்கள் உங்கள் கேள்வியிலேயே சொன்ன அளவுகோலைத்தான்: யாரும் போகச் சொல்லாமலே பிள்ளைகள் தாங்களாகக் கண்மாய்க்குப் போனார்களா? திட்டம் முடிந்தபின் நோட்டில் வலது பக்கம் நிரம்புகிறதா?

ஆப் வேண்டுமா வேண்டாமா என்பதற்குக் கடைசியாக வருகிறேன். முதல் இரண்டு மாதம் வேண்டாம் என்பது என் கருத்து. போன் கையில் இருந்தால் கண் போனில்தான் இருக்கும், படம் எடுத்தவுடன் பெயர் வந்துவிடும், பெயர் வந்தவுடன் பார்ப்பது நின்றுவிடும். நோட்டில் எழுதிய பிறகு, வாரக் கடைசியில் நீங்களும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து பள்ளிக் கணக்கில் இ-பேர்டில் ஏற்றுங்கள். அந்த ஆறு பறவையை மட்டும்தான் எண்ணினீர்கள் என்றால், பார்த்த எல்லாப் பறவையையும் பதிந்தீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்றே சொல்லவேண்டும், ஆம் என்று போட்டால் மற்றவை அங்கே இல்லை என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் பழகிய பிறகு, மாதம் ஒருமுறை எல்லாப் பறவையையும் எண்ணுகிற நாள் ஒன்று வைத்துக்கொள்ளலாம், அப்போது பறவை தெரிந்தவர் யாராவது கூட இருக்கட்டும். பூச்சி, செடி என்று பெயர் தெரியாதவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்ற ஆப் உதவும், அங்கே மற்றவர்கள் பார்த்துத் திருத்துவார்கள், பிள்ளைகளின் பெயரும் முகமும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்யவேண்டியது, மழை தொடங்கும் முன் மடை திறப்பவரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போய், எந்தப் படியை முதல் படி என்று வைப்பது, எங்கே உட்கார்ந்தால் முழுக் கண்மாயும் தெரியும் என்று முடிவு செய்வது. படிகள் இடிந்திருந்தால் மடைக் கல்லில் அடையாளம் போட ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். போன வருட எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது ஒன்பதாவது போயிருப்பார்கள், புதுப் பிள்ளைகளுக்குப் பறவையை அடையாளம் காட்டும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.